கேளுங்கள், சொல்கிறோம்: புகையிலைத் தோட்டத்துப் பழைய குடில்கள்

வன்னியின் பழைய தோட்டக் காணிகளில், இலையைப் புகையூட்டிப் பதப்படுத்திய புகைக் குடில்கள் உட்பட, புகையிலைக் காலத்துக் கட்டடங்கள் அங்குமிங்கும் இன்னும் நிற்கின்றன. சிலவற்றுக்குச் சுவர் மட்டும், சிலவற்றுக்குக் கூரை மரங்களான வளையும் கைமரமும். இவற்றை வைத்திருப்பதா, இடிப்பதா, எப்படித் திருத்துவது என்று கேட்டு வந்த கடிதங்களுக்கு இம்முறை பதில் தருகிறோம்.

கேள்வி: அப்பு காலத்துப் புகைக் குடில் ஒன்று எங்கள் தோட்டத்தில் நிற்கிறது. பதினைந்தடிக்குப் பன்னிரண்டடி, ஒன்றரை அடி தடித்த மண்சுவர். 2009இற்குப் பிறகு கூரை இல்லை. அடிச்சுவர் முழங்கால் உயரத்துக்கு அரித்து உள்வாங்கிவிட்டது. சீமெந்து பூசினால் போதும் என்கிறார் மேசன். பூசலாமா?
– க.த., முள்ளியவளை

பூச வேண்டாம். மண்சுவர் நிலத்தின் ஈரத்தை உறிஞ்சி மேற்பரப்பால் வெளியே விடும். சீமெந்தைப் பூசி அந்த வழியை அடைத்தால் ஈரம் பூச்சுக்குப் பின்னால் தங்கிவிடும். வெளியே பார்க்கச் சுவர் கல்லுப்போல இருக்கும், உள்ளே அடிமண் களியாகிக்கொண்டிருக்கும். கறையானுக்கும் அதுதான் வசதி. பூச்சுக்கும் மண்ணுக்கும் இடையில் அது ஏறுவது உங்கள் கண்ணுக்குத் தெரியாது. சில மாரி போனதும் பூச்சு பலகை பலகையாகக் கழரும், கழரும்போது பழைய மண்ணையும் பிய்த்துக்கொண்டுதான் விழும்.

எதற்கும் முதலில் கூரையைப் பாருங்கள். இந்த வருடம் கூரைக்கு வசதி இல்லையென்றால், ஐப்பசி மழை தொடங்கும் முன் சுவரின் தலையை மட்டுமாவது மூடுங்கள். சுவருக்கு மேல் குறுக்குத் தடிகளை வைத்து, இரண்டு பக்கமும் ஒரு முழம் வெளியே நிற்கும்படி பனையோலை பரப்பிக் கல் ஏற்றினால் போதும். தறப்பாளால் சுவர் முழுவதையும் போர்த்துவதுதான் பலரும் செய்கிற வேலை. அது உள்ளே வியர்த்துச் சுவரை ஊற வைக்கும்.

அடுத்தது தண்ணீர். இத்தனை வருடமாக வெளியில் மண் சேர்ந்து உயர்ந்திருக்கும். அதை வெட்டி, வெளிநிலம் உள்நிலத்தை விட அரை அடியாவது தாழ்ந்திருக்கச் செய்யுங்கள். சுவரிலிருந்து மூன்றடி தள்ளி ஒரு வடிகால் வெட்டி, பள்ளமான பக்கத்துக்கு இறக்கி விடுங்கள்.

இனி அரிப்பு. பள்ளத்துக்குள் ஈரமண்ணை அப்பினால் நிற்காது. காயும்போது மண் சுருங்கி, மேலே பழைய சுவருக்கும் புதிய மண்ணுக்கும் நடுவில் விரல் நுழைகிற இடைவெளி விழும். பிறகு சுவரின் பாரம் புதிய மண்ணில் இறங்காது. ஆகவே அதே மண்ணில் மண்கல் அறுத்து, மூன்று கிழமை பிரட்டிப் பிரட்டிக் காயவிட்ட பின் கட்டுங்கள். பழைய சுவரில் உதிர்கிற மண் முழுவதையும் சுரண்டி, உறுதியான மண் வந்ததும் படிக்கட்டுப் போலச் சமதளமாக வெட்டிக்கொள்ளுங்கள். சரிவாக விட்டால் கட்டியது வழுக்கி வெளியே தள்ளும். ஒரே நேரத்தில் மூன்றடி நீளத்துக்கு மேல் வெட்டக் கூடாது. ஒரு துண்டை முடித்து, அடுத்த மூன்றடியை விட்டு, அதற்கப்பால் உள்ளதைச் செய்யுங்கள். விட்ட துண்டுகளுக்குப் பிறகு வரலாம். மேற்சுவருக்கு முட்டுக் கொடுக்காமல் கை வைக்க வேண்டாம். கடைசி வரிசைக்கு மேல் மிஞ்சும் இடைவெளியில் இறுக்கமான மண்ணையும் கற்சில்லையும் தடியால் இடித்து ஏற்றுங்கள்.

மண்ணுக்குப் புற்றுமண்ணை மிஞ்ச ஒன்றில்லை. கறையான் குடிபெயர்ந்த பழைய புற்றாகப் பாருங்கள், பாம்பு இருக்கிறதா என்று தட்டிப் பார்த்து வெட்டுங்கள். புற்றுமண் இரண்டு பங்கு, ஆற்றுமணல் ஒரு பங்கு, விரல் நீளத்துக்கு வெட்டிய வைக்கல் கொஞ்சம். ஓர் இரவு ஊறவிட்டு, காலால் மிதித்துக் குழைத்து, மூன்று நாள் மூடி வையுங்கள். பதம் பார்க்க ஒரு வழி: வைக்கல் போடாத மண்ணை எடுத்துப் பெருவிரல் தடிப்புச் சுருட்டாக உருட்டி, மேசை ஓரத்தால் மெல்ல வெளியே தள்ளுங்கள். இரண்டு அங்குலத்துக்கு முன்னரே முறிந்தால் மணல் கூட. ஆறு அங்குலம் தொங்கியும் முறியாவிட்டால் களி கூட, காயும்போது வெடிக்கும். மண்கட்டடக்காரர் உலகெங்கும் செய்கிற சோதனைதான் இது. புகையிலைக் குடிலுக்குச் சுருட்டால் பதம் பார்ப்பது பொருத்தமாக வாய்த்தது!

கூரையை ஓலையால் வேய்வதென்றால் சரிவு 45 பாகைக்குக் குறையக் கூடாது, குறைந்தால் தண்ணீர் ஓடாமல் ஓலைக்குள் ஊறும். தகரம் என்றாலும் குற்றமில்லை, ஆனால் இறவாரம் சுவரிலிருந்து மூன்றடி வெளியே வர வேண்டும். தகரத்தை மிச்சம் பிடிக்க இறவாரத்தைக் குறைப்பதால்தான் அடிச்சுவர் கரைகிறது. தகரக் கூரைக்குப் பாரம் இல்லை, காற்று தூக்கும். சுவரின் தலையிலிருந்து இரண்டடி கீழே குறுக்கே ஒரு முதிரைக் கட்டையைப் புதைத்து, அதிலிருந்து துத்தநாகம் பூசிய கம்பியால் சுவர் வளையை இழுத்துக் கட்டுங்கள்.

கேள்வி: குடிலின் வளையும் கைமரமும் தார் பூசினது மாதிரிக் கறுத்து, தொட்டால் கையில் ஒட்டுகிறது. சுரண்டி எடுத்து வார்னிஷ் அடிக்கலாம் என்று மகன் சொல்கிறான்.
– ஒரு வாசகி, ஒட்டுசுட்டான்

மகனிடம் சொல்லுங்கள், அந்தக் கறுப்புத்தான் மரத்தை இதுவரை காத்தது. பொச்சுமட்டையும் ஊமலும் கனன்று விட்ட புகையில் தார்ச்சத்து இருக்கிறது. வருடக்கணக்காகப் படிந்த அந்தப் படை இருக்கும் வரை கறையானும் வண்டும் லேசில் கிட்ட வராது. அதைச் சுரண்டினால் உள்ளிருக்கிற வெறும் மரம் பூச்சிக்குத் தீனி. வார்னிஷும் அந்த எண்ணெய்ப் பசையில் பிடிக்காது. ஈர்க்குமாற்றால் உதிர்கிற கரியை மட்டும் தட்டிவிடுங்கள். அப்போது மூக்கையும் வாயையும் கட்டிக்கொள்ள மறக்க வேண்டாம்.

நீங்கள் பார்க்க வேண்டியது புகை படாத இடத்தை, அதாவது வளையும் தீராந்தியும் சுவருக்குள் புதைந்திருக்கிற நுனிகளை. மண்ணின் ஈரமும் கறையானும் அங்கேதான் முதலில் வரும். கத்திப் பிடியால் தட்டிப் பாருங்கள். கணீரென்றால் நல்லது. மொத்தையான சத்தம் வந்தால் ஒரு திருப்புளியை அழுத்திப் பாருங்கள். அரை அங்குலம் சுலபமாக இறங்கினால் அந்த நுனி போய்விட்டது. முழு வளையையும் மாற்றத் தேவையில்லை. பழுதை நல்ல மரம் வரும்வரை வெட்டி, பாலை அல்லது முதிரைத் துண்டைச் சரிவு மூட்டாகச் சேர்த்து ஆணிப்பூட்டுப் போடச் சொல்லுங்கள். வளை பனையென்றால் முற்றின மரத்தின் வெளிவைரம் மட்டும்தான் பாரம் தாங்கும், உள்சோற்றி உதவாது.

இன்னொன்று. அந்தக் குடிலுக்குள் விளையாட்டுக்கும் நெருப்பு மூட்டாதீர்கள். பழைய புகைக்கரி பற்றினால் நிறுத்த ஏலாது.

கேள்வி: குடில் நிழலாகவும் காற்றடைப்பாகவும் இருக்கிறது. மிளகாய், தக்காளி நாற்றுத் தட்டுகளை அதற்குள் வைக்கலாமா?
– ம.ர., விசுவமடு

கூடவே கூடாது. புகையிலை, மிளகாய், தக்காளி மூன்றும் ஒரே குடும்பம். புகையிலைத் தேமல் வைரஸ் மூன்றையும் பிடிக்கும், காய்ந்த புகையிலைத் துண்டில் பல பத்தாண்டுகள் சாகாமலும் கிடக்கும். சுவர் வெடிப்பில் இருக்கிற ஒரு பழைய தூள், அதைத் தொட்ட கை, அந்தக் கையால் பிடுங்கிய நாற்று: தொற்றுக்கு இவ்வளவும் போதும். பூச்சி வந்து பரப்ப வேண்டியதில்லை. இலையில் வெளிர்பச்சையும் கடும்பச்சையும் திட்டுத் திட்டாக வந்து கன்று குறண்டிய பிறகு மருந்து கிடையாது, பிடுங்கி எரிக்க வேண்டியதுதான்.

குடிலுக்குள் வேலை செய்துவிட்டு நாற்றுமேடைக்குப் போகிறவர்கள் உடுப்பை மாற்றி, சவர்க்காரம் போட்டு நன்றாகக் கை கழுவ வேண்டும். ஆடையெடுத்த பாலில் கையை நனைத்துக்கொண்டு நாற்றைத் தொடுவதும் பலன் தருகிற பழைய உபாயம்தான். சுருட்டுக் குடிப்பவர்களை நாற்றுப் பிடுங்க விடாதீர்கள். குடிலில் மண்வெட்டி, குழாய், வலை வைத்திருங்கள். நெல்லும் வேண்டாம், மணம் ஏறிவிடும்.

கேள்வி: எங்கள் வளவில் இரண்டு கட்டடம். ஒன்று தாழ்ந்த மண்குடில். மற்றது நான்கு பக்கமும் திறந்த கொட்டில். இவற்றைப் புகையிலைப் போறணை என்று சொல்லலாமா?
– சி.ந., நெடுங்கேணி

போறணை வேறு. சிகரெட்டுக்குப் போகிற வேர்ஜினியா இலையைப் பதப்படுத்துவது அதில்தான். ஆள் உயரத்தைப் போல மூன்று மடங்கு எழும்பி நிற்கும். உள்ளே இலைத்தடி தொங்கவிடத் தட்டுத் தட்டாக மரச்சட்டம் இருக்கும். அடுப்பு வெளியிலிருந்து எரியும், இரும்புக் குழாய் தரையோரமாகச் சுற்றிப் போய்ப் புகையை வெளியே கொண்டுபோகும். இலையில் சூடு மட்டும்தான் படும், புகை படாது. 35 பாகை செல்சியஸ் அளவில் தொடங்கி இலையை மஞ்சளாக்கி, படிப்படியாக ஏற்றி, நடுநரம்பு காய 70 பாகைக்கு மேல் கொண்டுபோக ஐந்து முதல் ஏழு நாள் பிடிக்கும். அடியிலும் முகட்டிலும் திறந்து மூடுகிற காற்றுவாய்கள் இருந்த அடையாளம் தெரியும்.

உங்களுடைய மண்குடில் புகைக் குடில்தான். யன்னல் இல்லை, வாசல் குனிந்து போகிற உயரம், நடுவில் கரி படிந்த குழி என்று எழுதியிருக்கிறீர்கள். அங்கே புகைதான் பதப்படுத்துகிறது. வாயிற் போடுகிற புகையிலைக்கும் சுருட்டுக்குமான கடும் இலை இதில்தான் தயாரானது. திறந்த கொட்டில் வெட்டின இலையை வாடவிடவும், புகை பட்ட இலையை அடுக்கிப் புழுங்க வைக்கவும் பயன்பட்டிருக்கும். அடுக்கின் உள்ளே தன்பாட்டில் சூடு ஏறும், பிரித்து மாற்றி அடுக்காவிட்டால் நடு இலை வெந்து கறுத்துவிடும். தரை சுற்றுநிலத்தை விட உயர்ந்து, சாணிமெழுக்கின் படை படையாக இருந்தால் அது இலை அடுக்கிய இடம். அந்தத் தரையைக் கொத்திச் சீமெந்து போட்டால் கொட்டிலின் கதை சொல்ல மிஞ்சுவது நான்கு தூண்தான்.

கேள்வி: தோட்டக் கிணற்றின் துலா போய்விட்டது. ஆடுகால் தூண் இரண்டும் நிற்கின்றன, ஒன்றில் அரசங்கன்று முளைத்திருக்கிறது. தூணை இடித்துவிட்டுக் கிணற்றை மூடலாமா?
– த.வே., தண்ணீரூற்று

மூடுவதற்கு முன் காணி உறுதியை எடுத்து வாசியுங்கள். பழைய தோட்டக் காணிகளில் கிணற்றுப் பங்கும் வழிவாய்க்காலும் பக்கத்துக் காணிக்காரருக்கும் எழுதப்பட்டிருக்கும். இடம்பெயர்ந்து வெளிநாட்டில் இருக்கிற பங்காளிக்கும் அந்த உரிமை போகாது.

அரசங்கன்றைப் பிடுங்காதீர்கள், வேரோடு கல்லும் வரும். தண்டைச் சுவரோடு ஒட்ட அரிந்து, வெட்டுவாயில் துளைபோட்டு உடனேயே களைநாசினியைத் தூரிகையால் தடவுங்கள். மருந்து கிணற்றில் சிந்தாமல் கீழே சாக்கு விரியுங்கள். மறுபடி துளிர்த்தால் மறுபடி செய்யுங்கள். வேர் செத்துச் சுருங்கிய பின் வெடிப்பைச் சுண்ணாம்பு ஒன்று, மணல் மூன்று என்ற கலவையால் அடையுங்கள். சுண்ணாம்பில் கட்டிய தூணுக்குச் சீமெந்து ஒட்டுப் போட்டால் பக்கத்துக் கல்தான் வெடிக்கும்.

துப்புரவாக்க ஆளை இறக்குவதென்றால், மூடிக்கிடந்த கிணற்றில் மூச்சுக் காற்றுக் குறைவாக இருக்கலாம். மேலே இரண்டு பேர், இடுப்பில் கயிறு, இறங்கும் முன் காற்றடிக்கும் விசிறி மூன்றும் வேண்டும். எஞ்சின் பம்பை ஒருபோதும் கிணற்றுக்குள் இறக்கி ஓட்டக் கூடாது. அதன் புகையில் இருக்கிற நச்சு வாயுவுக்கு மணமில்லை. விளக்கு அணையவில்லை என்று நம்பி இறங்கினவர்களும் செத்திருக்கிறார்கள்.

கேள்வி: குடிலுக்குள் கிடக்கிற இடிபாட்டை நாங்களே அள்ளலாமா?
– பெயர் வேண்டாம், புதுக்குடியிருப்பு

அந்தக் காணி கண்ணிவெடி அகற்றி ஒப்படைக்கப்பட்டதா என்று கிராம அலுவலரிடம் கேட்டறிந்த பிறகுதான். ஒப்படைத்த காணியிலும் இடிந்த சுவருக்கு அடியிலும் பாழ்ங்கிணற்றிலும் வெடிக்காத பொருள் அகப்படலாம். துருப்பிடித்த உலோகம் எதையாவது கண்டால் தொடாமல், தட்டாமல், நகர்த்தாமல், வந்த தடத்திலேயே திரும்பிப் போய்ப் பொலிசுக்கு அறிவியுங்கள்.

கேள்வி: பழைய கட்டடம் என்று வெளியில் சொன்னால் தொல்லியல் திணைக்களம் காணியை எடுத்துவிடும் என்று அயலில் பயமுறுத்துகிறார்கள். உண்மையா?
– இ.ச., மாங்குளம்

1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம் புராதன நினைவுச் சின்னம் என்று பொதுவாகக் கொள்வது 1815 மார்ச் 2இற்கு முந்தியவற்றை. நூறு வருடத்துக்குக் குறையாத கட்டடத்தையும் அந்த வகைக்குள் கொண்டுவரச் சட்டத்தில் இடமுண்டு. ஆனால் அதற்கு வர்த்தமானியில் கட்டளை வெளிவர வேண்டும். உங்கள் பாட்டன் கட்டின மண்குடில் பழையது என்ற ஒரே காரணத்தால் தானாகவே அதற்குள் போய்விடாது.

வயதை மதிப்பிட ஓட்டைப் பாருங்கள். தட்டையோடு என்றால் பின்பக்கத்தைக் கழுவி முத்திரையைத் தேடுங்கள். மங்களூரில் பாசல் மிஷன் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியது 1865இல். அந்த முத்திரை இருந்தால் ஓடு அதற்கு முந்தியதல்ல. கூரை மாற்றியிருக்கலாம் என்பதால் ஓட்டின் வயதைச் சுவரின் வயதாக எடுக்காதீர்கள். கூரைக்கு முதல் ஓலை வேய்ந்திருந்தால் கைமரத்தில் வரிச்சுக் கட்டிய கயிற்றுத் தழும்பு நெருக்கமாகத் தெரியும். பழைய உறுதிகளைக் காணிப் பதிவகத்தில் பிரதி எடுத்து, எந்த உறுதியிலிருந்து “குடில்” அல்லது “கொட்டில்” என்ற சொல் வருகிறது என்று பாருங்கள். அந்த உறுதி எழுதிய ஆண்டில் கட்டடம் நின்றிருக்கிறது என்று கொள்ளலாம்.