மார்கழி வெந்நீரும் மின்கட்டணமும்: கேள்வி பதில்

மின்சாரம் சார்ந்த கேள்விகளுக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

பெருந்துறை: மார்கழி பிறந்ததும் கட்டணம் எகிறுகிறது. ஐந்து பேர் குளிக்கும் வெந்நீருக்கா இவ்வளவு?

வெந்நீருக்கேதான். 20 டிகிரியில் இருக்கும் 20 லிட்டர் வாளித் தண்ணீரை 40 டிகிரிக்கு ஏற்ற அரை யூனிட்டுக்குச் சற்றுக் குறைவாகப் பிடிக்கும். ஐந்து வாளி, அறுபது நாள் என்றால் சுமார் 140 யூனிட். இரண்டு மாதத்துக்கு 400 யூனிட் ஓடும் வீடு இதனாலேயே 500-ஐத் தாண்டிவிடும். தாண்டினால் 101 முதல் 200 யூனிட் வரை இருந்த சலுகை விலை பறிபோகும். அந்த நூறுக்கு ஏறக்குறைய இரு மடங்கு கட்ட வேண்டும். 2022-இல் மாற்றியமைத்த கட்டண முறை அப்படி.

காசு செலவில்லாத வழி ஒன்று உண்டு. மொட்டைமாடித் தொட்டியை மாலையில் நிரப்பாமல் விடியற்காலையில் நிரப்புங்கள். இரவுப் பனியில் தொட்டித் தண்ணீர் சில்லிட்டுப்போகும். நம் சமவெளியில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரோ 25 டிகிரிக்குக் கீழே இறங்குவதில்லை. வெந்நீர்ச் செலவில் கால் பங்கு அங்கேயே மிச்சம்.

கோத்தகிரி: எண்ணெய் நிரப்பிய ரூம் ஹீட்டர் மின்சாரத்தை மிச்சப்படுத்துமாமே?

கடைக்காரர் சொன்னாரா? ஒரு யூனிட் மின்சாரம் தருவது 860 கிலோகலோரி. எண்ணெய் ஹீட்டரிலும் அதே, விசிறி வைத்ததிலும் அதே. வெளிக்காற்றின் வெப்பத்தை உள்ளே இழுத்துத் தரும் ஏசி மட்டும் விலக்கு. ஒரு யூனிட்டுக்குச் சுமார் மூன்று யூனிட் வெப்பம் தரும். முதலில் கதவடி இடுக்கை அடையுங்கள், கனமான திரை போடுங்கள்.

எல்லா மலைக்காரர்களுக்கும் ஒன்று: மூடிய அறையில் கரிக் கணப்பு வைத்துத் தூங்காதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, ஆளை எழுப்பாது.

உடுமலை: கீசரை அணைக்காமல் விட்டால் மிச்சம் என்கிறார்களே?

இல்லை. சூடான தொட்டி நாள் முழுக்க வெப்பத்தை இழந்துகொண்டே இருக்கும். 15 லிட்டர், 2000 வாட் கீசருக்குக் கால் மணி நேரம் போதும். 50 டிகிரியில் நிறுத்துங்கள்.

பொள்ளாச்சி: எதற்கு இந்தக் கணக்கெல்லாம்? எங்கள் தோப்பு வீட்டில் செம்பு பாய்லர். தென்னை மட்டையும் கொட்டாங்குச்சியும் போட்டால் பத்துப் பைசா செலவில்லை.

மட்டைக்கு மறுப்பே இல்லை. கொட்டாங்குச்சிதான் இடிக்கிறது. காங்கேயம் பக்கத்துக் கரி ஆலைகள் அதைக் காசு கொடுத்து வாங்குகின்றன. நீங்கள் எரிப்பது பணம். நகரத்தில் இருப்பவருக்கு நல்லது வெயிலில் தண்ணீர் சுட வைக்கும் சோலார் ஹீட்டர்.

பல்லடம்: சோலார் வைத்தேன் ஐயா. உப்புத் தண்ணீர், குழாயெல்லாம் காரை கட்டிவிட்டது.

பொள்ளாச்சி (மறுபடியும்): பார்த்தீர்களா! கார்த்திகையில் மூன்று நாள் மூடாக்குப் போட்டால் சோலார் பல்லை இளிக்கும். என் பாய்லர் எரியும்.

மூடாக்கு நாளில் உங்கள் பாய்லரே ஜெயிக்கும், ஒப்புக்கொள்கிறேன். அந்த நாள்களுக்குச் சோலார்காரர் மின்சாரத்தைத்தான் நாட வேண்டும். ஆனால் ஆண்டில் பெரும்பாலான நாள் இங்கே வெயில்தான். பல்லடத்துக்காரரே, தவறு வெயிலில் இல்லை, தண்ணீரில். வெயிலில் சுடும் நீரையும் குளிக்கும் நீரையும் கலக்காமல் வெப்பத்தை மட்டும் கடத்தும் வெப்பமாற்றி உள்ள வகையை வாங்கியிருந்தால், உப்புத் தண்ணீர் வெயில் வாங்கும் சேகரிப்பானுக்குள் போகாது. உப்புக் குறைந்த சிறுவாணி ஆற்றுத் தண்ணீர் வரும் வீடுகளுக்கு இந்தத் தொல்லை குறைவு. பொள்ளாச்சிக்காரரே, புகைபோக்கி இருக்கிறதா? அதைச் சொல்லாமலேயே வாதாடுகிறீர்கள்.

நாமக்கல்: கீசரை எப்போதும் போட்டு வைக்கலாமா?

உடுமலைக்குச் சொன்னதே.

ஈரோடு: வெந்நீரில் குளித்தால் முடி கொட்டுமா?

தோல் மருத்துவரைக் கேளுங்கள் அம்மணி.

கரூர்: கீசரை அணைக்காமல்...

மேலே படியுங்கள்.

வால்பாறை: மின்சாரமே வேண்டாமென்று குளியலறைக்குள் கேஸ் கீசர் மாட்டப்போகிறேன். சன்னல் இல்லை.

மாட்டாதீர்கள். கணப்புக்குச் சொன்ன அதே விஷவாயுதான். கீசரை வெளிச்சுவரில் மாட்டி, வெந்நீர்க் குழாயை மட்டும் உள்ளே கொண்டுவாருங்கள்.