11 பேர், நாட்டின் அத்தனை துறைகள்: ஆஸ்திரேலியப் பசுமைக் கட்சி பற்றிக் கேள்வி பதில்

ஆஸ்திரேலிய நாடாளுமன்றத்தின் மேலவையான செனட்டின் நடவடிக்கைகளை நெடுங்காலமாகக் கவனித்துவருகிறேன். பசுமைக் கட்சி தன் நாடாளுமன்ற உறுப்பினர்களிடையே நிதி, கல்வி போன்ற துறைகளை எப்படிப் பிரித்துக்கொள்கிறது என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். கேள்விகள் வந்த வரிசையிலேயே பதில் சொல்கிறேன்.

பெர்த் வாசகி: ஆட்சியில் இல்லாத கட்சிக்குத் துறை எதற்கு?

செனட்டில் மொத்தம் 76 இடங்கள். ஒரு மசோதா நிறைவேற 39 வாக்குகள் வேண்டும். இன்று ஆளும் தொழிற்கட்சிக்கு 29, பசுமைக் கட்சிக்கு 10. கூட்டினால் சரியாக 39. எதிர்க்கட்சிக் கூட்டணி கைகொடுக்காத மசோதாவுக்கு அரசு பெரும்பாலும் இந்தப் பத்துப் பேரிடம்தான் வந்து நிற்க வேண்டும். அப்போது அமைச்சர் எதிரே உட்கார்ந்து வரிவரியாகப் பேரம் பேசுபவர் அந்தத் துறைக்குப் பொறுப்பானவர். 2025 நவம்பரில் சுற்றுச்சூழல் சட்டத் திருத்தம் நிறைவேறியபோது பசுமைக் கட்சியின் சார்பில் சாரா ஹான்சன்-யங் முன்னின்றார். அதற்கு முன் 2023இல், 1,000 கோடி டாலர் வீட்டுவசதி நிதிக்கான மசோதாவை மாதக்கணக்கில் நிறுத்திவைத்து, வசதி குறைந்தவர்களுக்கான சமூக வீடுகளுக்குக் கூடுதல் பணம் வாங்கிய பிறகே வாக்களித்தார்கள். அன்று அந்தத் துறை மேக்ஸ் சாண்ட்லர்-மேதரிடம் இருந்தது.

இதைவிட முக்கியமான களம் ஒன்று உண்டு. ஆண்டுக்குச் சில முறை செனட் குழுக்கள் அரசுச் செலவு மதிப்பீட்டு விசாரணை நடத்துகின்றன. தலைநகர் கான்பராவில் எல்லோரும் அதை 'எஸ்டிமேட்ஸ்' என்றுதான் சொல்வார்கள். காலை ஒன்பது மணிக்குத் தொடங்கி இரவு பதினொன்று வரை போகும். துறைச் செயலரும் அதிகாரிகளும் தடித்த கோப்புகளோடு வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். செனட்டர் ஒரு எண்ணைக் கேட்பார். அதிகாரி பக்கங்களைப் புரட்டிவிட்டு, "எழுத்தில் பதில் தருகிறோம்" என்பார். அடுத்த விசாரணையில் அதே செனட்டர் அந்த எழுத்துப் பதிலைக் கையில் வைத்துக்கொண்டு விட்ட இடத்திலிருந்து தொடங்குவார். ஒருவரிடம் துறையை நிலையாகக் கொடுத்துவைப்பதன் பயன் அங்கேதான் தெரியும்.

சேலம் வாசகர்: பசுமைக் கட்சியின் நிதி அமைச்சர் யார்?

அமைச்சர் கிடையாது, துறைப் பொறுப்பாளர். அவருக்குக் கீழே அரசு ஊழியர் ஒருவர்கூட இல்லை, கையெழுத்திடும் அதிகாரமும் இல்லை. இந்தச் சொல்லைத் தவறாகப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தவறாகவே புரியும்.

மதுரை வாசகர்: துறையைப் பங்கிடுவது தலைவரா, கட்சி உறுப்பினர்களா?

தலைவரைத் தேர்ந்தெடுப்பது நாடாளுமன்றக் குழு. 2025 மே மாதம் லாரிசா வாட்டர்ஸை அப்படித்தான் தேர்ந்தெடுத்தார்கள். துறைப் பங்கீடும் அந்தக் குழுவுக்குள் பேசி முடிவாகும் விஷயம். கொள்கையை வகுப்பதோ கட்சி உறுப்பினர்கள். ஆகவே துறை கையில் இருப்பதாலேயே ஒருவர் தன் விருப்பப்படி கொள்கையை மாற்ற முடியாது.

திருச்சி வாசகி: 10 செனட்டர்கள், கீழவையில் ஒருவர். இத்தனை துறைகளை எப்படிச் சமாளிக்கிறார்கள்?

ஒருவர் தலையில் பல துறைகள் விழும். ஒன்றுக்கொன்று உறவுள்ளவற்றைச் சேர்த்துக் கொடுத்தால் தாங்குவார். உறவில்லாதவற்றைக் கொடுத்தால், ஒரே நாளில் இரண்டு குழுக்கள் கூடும்போது எந்த அறைக்குப் போவது என்று ஓட வேண்டியிருக்கும்.

சிட்னி வாசகர்: சொந்த வாழ்வில் பட்ட அனுபவத்தைப் பார்த்துத் துறை கொடுப்பது தவறு. பூர்வகுடிகள் துறையை வைத்திருந்த இருவருமே கட்சியை விட்டுப் போனார்களே!

யாழ்ப்பாண வாசகர்: சிட்னிக்காரர் சொல்வதை ஏற்க முடியாது. பாதிக்கப்பட்டவர் பேசாமல் வேறு யார் பேசுவது?

இதையொட்டி இன்னும் ஒன்பது பேர் எழுதியிருக்கிறீர்கள். சேர்த்தே பதில் சொல்கிறேன்.

அந்தத் துறையை வைத்திருந்த இருவருமே பூர்வகுடிச் செனட்டர்கள். லிடியா தோர்ப் 2023 பிப்ரவரியில் கட்சியிலிருந்து விலகினார். நாடாளுமன்றத்துக்கு ஆலோசனை சொல்லப் பூர்வகுடிகளின் 'குரல்' என்ற அமைப்பை ஏற்படுத்துவதற்கான பொதுவாக்கெடுப்பில் கட்சி எடுத்த நிலையும் அவர் நிலையும் ஒத்துப்போகவில்லை. அவருக்குப் பின் துறையை ஏற்ற டொரிண்டா காக்ஸ் 2025 ஜூனில் தொழிற்கட்சிக்குப் போனார். இரண்டும் வெவ்வேறு கதைகள். இரண்டையும் ஒரே முடிச்சாகப் போட்டு, அனுபவத்தின் மேல் பழியைச் சுமத்துவது நியாயமில்லை.

பசுமைக் கட்சியின் ஜோர்டன் ஸ்டீல்-ஜானைப் பாருங்கள். சக்கர நாற்காலியில் செனட்டுக்கு வந்தபோது அவருக்கு வயது 23. மாற்றுத்திறனாளிகள் மீதான வன்கொடுமையை விசாரிக்க ஆணையம் வேண்டும் என்று விடாமல் வலியுறுத்தினார். 2019 ஏப்ரலில் ஆணையம் அமைந்தது. அமைப்புகளும் குடும்பங்களும் பல ஆண்டுகள் போராடி வந்ததன் பலன் அது. அந்தக் குரலை அவைக்குள் தேயாமல் கொண்டுபோக அவரைவிடப் பொருத்தமானவர் இல்லை. ஆனால் யாழ்ப்பாண வாசகரே, அனுபவம் வாசலைத் திறந்துவிடும், அவ்வளவுதான். உள்ளே போனதும் கோப்பைப் படிக்க வேண்டும். தலைவராக இருந்த ரிச்சர்ட் டி நட்டாலே மருத்துவர். சுகாதாரத் துறை அவரிடம் வந்தது இயல்பு. ஆனாலும் மருந்து மானியக் கணக்கை மருத்துவக் கல்லூரியில் சொல்லித்தருவதில்லை.

துறையைக் கேட்டு வாங்குபவரைவிட, துறையின் பழைய கேள்விகளைத் தேடிப் படிப்பவரையே நான் மதிக்கிறேன்.

ஈரோடு வாசகர்: பசுமைக் கட்சியின் கல்வி அமைச்சர்…

சேலம் வாசகருக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள்.

பிரிஸ்பேன் வாசகி: உறவினரின் அகதி விசா இழுத்துக்கொண்டே போகிறது. குடியேற்றத் துறைப் பொறுப்பாளருக்கு எழுதலாமா?

அம்மா, முதலில் உங்கள் தொகுதி உறுப்பினரின் அலுவலகத்துக்கு எழுதுங்கள். அவர் எந்தக் கட்சியாக இருந்தாலும் சரி. தனி விண்ணப்பம் பற்றி அமைச்சர் அலுவலகத்தில் விசாரிப்பது அவர்களுடைய அன்றாட வேலை. சட்டமே தடையாக இருந்தால் துறைப் பொறுப்பாளருக்கும் எழுதுங்கள். குயின்ஸ்லாந்தின் பிலோயீலா ஊரில் வாழ்ந்து, பின் தடுப்புக்காவலில் வைக்கப்பட்ட தமிழ் அகதிக் குடும்பத்துக்காகப் பசுமைக் கட்சியின் நிக் மெக்கிம் செனட்டில் பேசினார். ஊர் மக்களும் பிற கட்சியினரும் பேசினார்கள். 2022 ஜூனில் அந்தக் குடும்பம் பிலோயீலாவுக்கே திரும்பியது. விசா ஆலோசனையை மட்டும் பதிவு பெற்ற முகவரிடமோ வழக்கறிஞரிடமோ கேளுங்கள். என்னிடம் கேட்காதீர்கள்.

கோவை வாசகர்: அமைச்சர்களை எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவார்கள்?

அமைச்சர் இல்லை. மூன்றாவது முறையாகச் சொல்கிறேன். பொறுப்பாளர்கள் பெரும்பாலும் தேர்தலுக்குப் பின் மாறுவார்கள். யாராவது விலகினால் இடையிலும் மாறுவார்கள்.

ஹோபார்ட் வாசகர்: பொறுப்பாளர் தேர்தலில் தோற்றால் அந்த வேலை என்னவாகும்?

2025இல் சாண்ட்லர்-மேதர் கிரிஃபித் தொகுதியை இழந்தார். தலைவர் ஆடம் பேன்ட்டே மெல்பர்னை இழந்தார். உறுப்பினர் தோற்றால் அவரிடம் வேலை பார்த்தவர்களுக்கும் வேலை போகிறது. மூன்று ஆண்டுகளாக யாரிடம் என்ன கேட்டோம், எந்த அதிகாரி எதற்கு நழுவினார் என்பது அவர்கள் நினைவில்தான் இருக்கும். புதிதாக வருபவரின் கைக்கு எட்டுவது அவைக் குறிப்புகளும் துறைகள் எழுத்தில் தந்த பதில்களும்தான். பதில் வராமல் நிற்கும் கேள்விகளின் பட்டியலிலிருந்து அவர் தொடங்க வேண்டும்.