ஓடாத வண்டிக்கு ஒரு வருடம்

அன்புள்ள ஐயா,

என் மகள் கோவையில் ஒரு பொறியியல் கல்லூரியில் மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். முதல் வருடமே டிபார்ட்மென்ட் மாணவர் சங்கத்தில் சேர்ந்துவிட்டாள். அந்தப் பிள்ளைகள் எல்லாம் சேர்ந்து ஒரு ரேஸ் கார் செய்கிறார்கள். இவள்தான் பொருளாளர். தீபாவளிக்குக்கூட இரண்டு நாள்தான் வீட்டில் இருந்தாள். 8.4 இருந்த சிஜிபிஏ 7.7க்கு வந்துவிட்டது. இவ்வளவும் செய்து, கரி மோட்டார் ஸ்பீட்வேயில் நடந்த போட்டியில் பிரேக் சோதனையிலேயே வண்டி தேறவில்லை. ஒரு சுற்றுகூட ஓடவில்லை. இப்போது பாப்பாவையே கேப்டனாகப் போடப்போகிறார்களாம். ஆளுக்கு 8,000 ரூபாய் போட வேண்டுமாம். பணம் பெரிதில்லை. ஓடாத வண்டிக்கு ஒரு வருடம் போயிற்று, இன்னொரு வருடமும் போக வேண்டுமா? சொந்தக்காரர்கள் 'பொம்பளப் பிள்ளைக்கு இதெல்லாம் எதுக்கு' என்கிறார்கள். நிறுத்தச் சொல்லட்டுமா?

ஆர்., பெருந்துறை

அன்புள்ள ஆர்.,

நிறுத்தச் சொல்லாதீர்கள்.

ஏன் என்று சொல்ல அந்த பிரேக் சோதனையிலிருந்தே தொடங்குகிறேன். உங்கள் கடிதத்தில் அதற்கு ஒரே ஒரு வரிதான் கிடைத்திருக்கிறது.

ஓட்டுநர் வண்டியை வேகமெடுத்து வந்து, குறித்த இடத்தில் பெடலை மிதிக்க வேண்டும். நான்கு சக்கரமும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ள வேண்டும், வண்டி பக்கவாட்டில் இழுக்காமல் நேராக நிற்க வேண்டும். மூன்று பூட்டி ஒன்று உருண்டாலும் தேர்ச்சி இல்லை.

கேட்கச் சுலபமாக இருக்கிறது. ஆனால் பிரேக் பிடித்த அந்த நொடியில் வண்டியின் பாரம் முன்பக்கம் சாய்கிறது. முன் சக்கரங்கள் தரையை அழுத்திப் பிடிப்பதால் அவற்றைப் பூட்ட அதிக விசை வேண்டும். பின்னால் பாரம் குறைந்துவிடுவதால் பின் சக்கரங்கள் சீக்கிரம் பூட்டிக்கொள்ளும். முன்னுக்கு எவ்வளவு, பின்னுக்கு எவ்வளவு என்று கணக்குப் போட்டு, பெடலோடு சேர்ந்த ஒரு சின்னத் தண்டைத் திருகித் திருகி அந்தப் பங்கீட்டைச் சரிசெய்வார்கள். கணக்கு சரியாக இருந்தும் பிரேக் குழாயில் கொஞ்சம் காற்று தங்கிவிட்டால் போதும், பெடல் பஞ்சு மாதிரி அமுங்கும், சக்கரத்துக்குப் போக வேண்டிய அழுத்தம் போகாது. அப்புறம் ஒருவர் பெடலை மிதிக்க, இன்னொருவர் சக்கரத்துப் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து அந்தக் காற்று வெளியேற நிப்பிளைத் திறந்து திறந்து மூட வேண்டும். உங்கள் ஊர் மெக்கானிக் பட்டறையிலும் இதைப் பார்த்திருப்பீர்கள்.

சக்கரம் ஏன் பூட்டவில்லை? பங்கீடா, காற்றா, பிரேக் பேடு சரியாக உட்காரவில்லையா? போட்டி நடக்கும் சில மணி நேரத்துக்குள், களைத்துப்போன பத்துப் பதினைந்து பேர் சண்டை போட்டுக்கொள்ளாமல் இதைக் கண்டுபிடிக்க வேண்டும். பல்கலைக்கழகத் தேர்வில் பிரேக் ஒரு 13 மதிப்பெண் கேள்வி. படம் வரைந்து, பாகம் குறித்து, இயங்கும் விதத்தை எழுதினால் மதிப்பெண் வந்துவிடும். அப்படி எழுதி முழு மதிப்பெண் வாங்கியவர்களில் பலர் ஒரு பிரேக் பெடலின் கீழே தலையை விட்டுப் பார்த்ததே இல்லை. உங்கள் மகள் பார்த்திருக்கிறார். அவருடைய வண்டி அங்கே தோற்றதால், வாழ்நாளுக்கும் அவருக்கு அது மறக்காது.

இன்னொன்றும் உங்களுக்குத் தெரிய வேண்டும். பிரேக் சோதனை கடைசிப் படி. வண்டியின் சட்டத்தில் (ஃபிரேம்) ஒவ்வொரு குழாயும் விதிப்படியான தடிமனில் இருக்கிறதா, பெல்ட்டும் ஹெல்மெட்டும் மாட்டி உட்கார்ந்திருக்கும் ஓட்டுநர் 5 நொடிக்குள் வெளியே வந்துவிட முடிகிறதா, வண்டியை மேடையோடு 60 டிகிரி வரை சாய்த்தால் எண்ணெய் ஒழுகுகிறதா, சக்கரம் எழும்புகிறதா, சத்தம் அளவுக்குள் இருக்கிறதா என்று எல்லாம் பார்த்து முடித்த பிறகுதான் பிரேக் சோதனைக்கே விடுவார்கள். அதுவரை அந்தப் பிள்ளைகளின் வண்டி வந்திருக்கிறது. மாணவர்கள் கையால் பற்றவைத்த ஒரு சட்டம் இத்தனை கண்களையும் தாண்டி வந்ததே பெரிய காரியம்.

தவிர, அந்தப் போட்டியின் 1000 புள்ளிகளில் 325 வண்டி நகராமலே கிடைப்பவை. வடிவமைப்பை நடுவர்கள் முன்னால் நின்று விளக்குவதற்கு 150, செலவுக் கணக்குக்கு 100, வணிகத் திட்டத்துக்கு 75. செலவுக் கணக்கு என்றால் மொத்தமாக ஒரு தொகையை எழுதிக் கொடுப்பதில்லை. ஒவ்வொரு போல்ட், நட், வாஷருக்கும் விலை எழுத வேண்டும். ஒரு பாகத்தை எந்த முறையில் செய்தார்கள், அதற்கு எவ்வளவு ஆயிற்று என்பதையும் சொல்ல வேண்டும். உங்கள் மகள் பொருளாளர் என்றால் இந்தக் கணக்கில் அவர் கை நிச்சயம் இருந்திருக்கும். கோவையில் கணபதியிலும் ஆவாரம்பாளையத்திலும் உள்ள லேத் பட்டறைகளில் நின்று, ஒரு பாகத்துக்கு என்ன கூலி, ஏன் அந்தக் கூலி என்று கேட்டுத் தெரிந்துகொண்ட ஒரு மூன்றாம் ஆண்டு மாணவி, வேலைக்குப் போகும் முதல் நாளே மற்றவர்களைவிட முன்னால் நிற்பார்.

இந்த வகைப் போட்டி 1981இல் அமெரிக்காவில், ஆஸ்டின் நகரில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. 1998இல் இங்கிலாந்துக்கு வந்தது. உங்கள் மகள் போனது அதன் இந்திய வடிவமான ஃபார்முலா பாரத் என்று நினைக்கிறேன். அந்த ஓடுதளத்துக்குப் பெயர் தந்த கரிவரதன் கோவைக்காரர். மாருதி இன்ஜினை வைத்து, நம்மவர்கள் வாங்கி ஓட்டக்கூடிய ஒற்றை இருக்கை ரேஸ் கார்களைச் செய்துகாட்டியவர். அவர் பெயரில் உள்ள தளத்தில் மாணவர்கள் தாங்களே செய்த வண்டியைக் கொண்டுவந்து நிறுத்துவது பொருத்தமான விஷயம்.

எல்லா மாணவர் சங்கத்தையும் இப்படிப் பாராட்டிவிட மாட்டேன். பல கல்லூரிகளில் டிபார்ட்மென்ட் அசோசியேஷன் என்பது வருடத்துக்கு ஒரு தொடக்க விழா, ஒரு சிம்போசியம், அவ்வளவுதான். சிறப்பு விருந்தினருக்குச் சால்வை, பேப்பர் பிரசன்டேஷனுக்கு வந்தவர்களுக்கெல்லாம் சான்றிதழ், ஒருங்கிணைத்தவர்களுக்கு ஓடி (வகுப்புக்கு வராவிட்டாலும் வந்ததாகக் கணக்கு). பொறுப்பு முழுக்க ஆசிரியர் கையில் இருக்கும், மாணவர்கள் நாற்காலி போடுவார்கள். விழா நடத்துவதையே குறை சொல்லவில்லை. கிண்டி பொறியியல் கல்லூரியில் சி.டி.எஃப். என்ற மாணவர் அமைப்பு 2007 முதல் நடத்திவரும் குருக்ஷேத்ரா பெரிய தொழில்நுட்ப விழாதான். அங்கே பணம் திரட்டுவது முதல் போட்டி விதிகளை எழுதுவது வரை மாணவர்கள் தலையில்தான். யார் தலையில் பொறுப்பு இருக்கிறது என்று பார்த்தால் ஒரு சங்கத்தின் தரம் தெரிந்துவிடும்.

கேப்டன் பதவி ஏன் முக்கியம் என்பதற்கு வருகிறேன். மாணவர் சங்கத்துக்கு ஒரு பெரிய சாபம் உண்டு. நான்கு வருடத்தில் எல்லோரும் போய்விடுவார்கள். இந்த வருடம் பட்ட அடி அடுத்த பேட்சுக்குத் தெரியாது, அவர்கள் அதே இடத்தில் மறுபடி விழுவார்கள். சீனியர்கள் எழுதிவைத்த குறிப்பு, வரைபடம், பட்டறைக்காரரின் போன் நம்பர், 'இந்தக் கடையில் குழாய் வாங்காதே' என்ற எச்சரிக்கை, இவையெல்லாம் கைமாறும் சங்கங்கள்தான் நிற்கின்றன. பிரேக்கில் தோற்ற அணியில் இருந்த ஒருவர் அடுத்த வருடம் தலைமைக்கு வருவது அந்தச் சங்கத்துக்குக் கிடைத்த நல்ல வாய்ப்பு. இப்போது அவர் விலகினால் போன வருடம்தான் உண்மையிலேயே வீணாகும்.

மதிப்பெண்ணைப் பற்றி நீங்கள் கவலைப்படுவது நியாயம். அதை நான் தள்ளிவிட மாட்டேன். 8.4 இருந்து 7.7 என்பது பயப்படும் சரிவு இல்லை. ஆனால் அரியர் வந்துவிட்டால் கதை வேறு. அரியர் இருக்கும் மாணவர்களைப் பல நிறுவனங்கள் கேம்பஸில் எழுத்துத் தேர்வுக்கே உட்கார விடுவதில்லை. ஆகவே மகளிடம் ஒரு நிபந்தனை வையுங்கள்: ஒரு பாடத்தில்கூட அரியர் கூடாது, செமஸ்டர் தேர்வுக்கு முந்தைய வாரங்களில் பட்டறைக்குப் போகக் கூடாது. கேப்டனானால் அணி முழுவதுக்கும் அதே விதியை அவரே போடட்டும்.

உங்கள் சொந்தக்காரர்களுக்கு ஒரு கதை சொல்லுங்கள். 1940இல் கிண்டியில் எலெக்ட்ரிக்கல் படிக்கச் சேர்ந்தவர் லலிதா. பதினெட்டு வயதில் கணவரை இழந்தவர், கையில் பெண் குழந்தை. அதே கல்லூரியில் பேராசிரியராக இருந்த அவருடைய அப்பா பப்பு சுப்பாராவ், முதல்வர் சாக்கோவிடம் பேசி மகளுக்கு இடம் வாங்கினார். பிறகு லீலம்மா ஜார்ஜ், தெரேசியா என்ற இரண்டு பெண்கள் சிவிலில் சேர்ந்தார்கள், லலிதாவுக்குத் துணை கிடைத்தது. 1943இல் படிப்பை முடித்து, இந்தியாவின் முதல் பெண் பொறியாளர்களில் ஒருவராக ஆனார். அந்தக் காலத்தில் ஒரு அப்பா எழுந்து நின்று கேட்டார்.

இன்று இடம் கேட்க வேண்டியதில்லை. நேரம்தான் கேட்க வேண்டியிருக்கிறது. பல கல்லூரிகளில் பெண்கள் விடுதியைச் சாயங்காலமே பூட்டிவிடுகிறார்கள். பையன்கள் இரவு வரை வெல்டிங் செய்துகொண்டிருப்பார்கள், பெண்கள் வேலையைப் பாதியில் விட்டுவிட்டு ஓட வேண்டும். மறுநாள் வந்தால் அந்தப் பாகம் முடிந்திருக்கும். இப்படியே கொஞ்சம் கொஞ்சமாகப் பெண்கள் கணக்கு, ஸ்பான்சர் கடிதம், பிரசன்டேஷன் என்று ஒதுங்கிப்போகிறார்கள். உங்கள் மகள் பொருளாளரானதற்கும் இதுகூட ஒரு காரணமாக இருந்திருக்கலாம். அவரையே கேட்டுப் பாருங்கள். கேப்டன் ஏழு மணிக்கு விடுதிக்குப் போய்விட்டால் அணி எப்படி நடக்கும்?

அதனால் 8,000 ரூபாயைக் கொடுப்பதோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். அந்த அணியில் எத்தனை பெண்கள் இருக்கிறார்கள் என்று விசாரித்து, அவர்களுடைய பெற்றோரோடு பேசுங்கள். போட்டிக்கு முந்தைய இரண்டு மாதங்களுக்குப் பட்டறையில் இரவு ஒன்பதரை வரை இருக்க அனுமதி, ஒரு ஆசிரியரின் மேற்பார்வை, விடுதிவரை கல்லூரி வண்டி என்று கேட்டு, எல்லோரும் கையெழுத்துப் போட்டு முதல்வருக்கும் விடுதிக் காப்பாளருக்கும் ஒரு கடிதம் கொடுங்கள். பிள்ளைகள் கேட்டால் 'பேரன்ட்ஸ் ஒத்துக்க மாட்டாங்க' என்பார்கள். பெற்றோரே கேட்டால் அப்படிச் சொல்ல முடியாது. வரைவை எனக்கு அனுப்பினால் பார்த்துத் தருகிறேன்.