பனிக்குட நீரில் தெரியும் நுரையீரல் முதிர்ச்சி: வாசகிகளின் கேள்விகளுக்கு மகப்பேறு மருத்துவரின் பதில்கள்

முப்பது ஆண்டுகளுக்கு முன் எனக்கு வயிற்றில் ஊசி செலுத்தி, பனிக்குட நீரை எடுத்து, சிசுவின் நுரையீரல் முதிர்ந்துவிட்டதா என்று சோதித்த பிறகே பிரசவ நாளைக் குறித்தார்கள். இப்போது என் மகளுக்கு அது தேவையில்லை என்கிறார் மருத்துவர். சரியா?

சரிதான். அன்று பல தாய்மார்களுக்குக் கடைசி மாதவிடாய்த் தேதி தெளிவாக நினைவிருக்காது. தொடக்க மாத ஸ்கேனும் அரிது. அதனால்தான் நுரையீரலைச் சோதித்துப் பார்த்தார்கள். இன்று முதல் மூன்று மாதத்திற்குள் எடுக்கும் ஸ்கேனே கர்ப்பத்தின் வயதைச் சில நாள் வித்தியாசத்தில் சொல்லிவிடுகிறது. தாய்க்கோ சிசுவுக்கோ ஆபத்து என்றால் சோதனை முடிவுக்காகக் காத்திருக்க முடியாது. ஆபத்து இல்லையென்றால், முடிவு நன்றாக வந்தாலும் அவசரப்படக் கூடாது. ஆகவே பிரசவ நாளை முடிவு செய்ய இச்சோதனை வேண்டாம் என்று அமெரிக்க மகப்பேறு மருத்துவர் அமைப்பும் சொல்கிறது.

நுரையீரல் எங்கோ இருக்க, நீரில் எப்படித் தெரியும்?

சிசுவின் நுரையீரலில் சுரக்கும் திரவம் வாய் வழியாக வெளியேறிப் பனிக்குட நீரில் கலக்கிறது. அதனுடன் சர்ஃபாக்டன்ட் என்ற வழவழப்பான பொருளும் வருகிறது. மூச்சை விடும்போது காற்றுப்பைகள் ஒட்டிச் சுருங்கிவிடாமல் காப்பது இதுதான். இதன் முக்கியப் பகுதி லெசித்தின். ஸ்பிங்கோமைலின் என்ற இன்னொரு கொழுப்பின் அளவு பெரிதாக மாறுவதில்லை. லெசித்தினோ சுமார் 35 வாரத்தில் அதைப் போல் இரு மடங்காகிவிடும்; நுரையீரல் முதிர்ந்ததற்கு அதுவே அடையாளம். இந்த விகிதத்தை 1971-இல் சோதனையாக வகுத்தவர் அமெரிக்க மருத்துவர் லூயிஸ் கிளக். பனிக்குட நீருடன் ஆல்கஹால் சேர்த்துக் குலுக்கி, நுரை 15 நிமிடம் நிலைக்கிறதா என்று பார்க்கும் எளிய முறையும் உண்டு. எனக்கு மிகவும் பிடித்த முறை வேறு: சர்ஃபாக்டன்ட் பொதிந்த நுண்துகள்கள் ஏறக்குறைய ரத்தத் தட்டணுக்களின் அளவே இருப்பதால், சாதாரண ரத்த அணு எண்ணும் கருவியே அவற்றை எண்ணிவிடும்!

37 வாரம் முடிகிறது. ஜோதிடர் குறித்த நாளில் சிசேரியன் செய்ய விரும்புகிறோம். நுரையீரலைச் சோதித்துவிட்டுச் செய்யலாமா?

வேண்டாம், தயவுசெய்து வேண்டாம். சோதனையில் தேறிய குழந்தைகளும் 39 வாரத்திற்கு முன் பிறந்தால் மூச்சுத் திணறல், சர்க்கரைக் குறைவு, மஞ்சள் காமாலை ஆகியவற்றால் கூடுதலாக அவதிப்படுகிறார்கள். நுரையீரல் ஓர் உறுப்பு மட்டுமே. மூளையும் கல்லீரலும் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கின்றன. மேலும், வலி எடுக்காமலேயே அறுவை செய்தால் நுரையீரலில் உள்ள திரவம் வடிவது தாமதமாகும். மருத்துவக் காரணம் எதுவும் இல்லையென்றால் 39 வாரம் நிறைந்த பிறகு நல்ல நேரம் பாருங்கள். அதற்கு எந்த மருத்துவரும் குறுக்கே நிற்க மாட்டார்.

ஸ்கேனில் நஞ்சுக்கொடி 'கிரேடு 3' என்று வந்திருக்கிறது. நுரையீரல் முதிர்ந்துவிட்டதா?

அது நஞ்சுக்கொடியின் முதிர்ச்சியைக் குறிக்கும் அளவுகோல். அதை வைத்து நுரையீரலைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது.

எனக்குச் சர்க்கரை நோய் உண்டு. 32 வாரத்தில் வலி வந்து, ஸ்டீராய்டு ஊசி போட்டார்கள். குழந்தைக்குத் தீங்கு வருமா?

அச்சம் வேண்டாம். நியூசிலாந்து மருத்துவர்கள் லிகின்ஸ், ஹோவி இருவரும் 1972-இல் வெளியிட்ட ஆய்வுக்குப் பின், சிசுவின் நுரையீரலை விரைவில் முதிரச் செய்து எண்ணற்ற குறைமாதக் குழந்தைகளைக் காத்த மருந்து அது. நம் ஊரில் பெரும்பாலும் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு 6 மில்லிகிராம், 12 மணி நேரத்துக்கு ஒரு முறையாக நான்கு ஊசிகள். உங்கள் சர்க்கரைதான் சில நாட்களுக்கு ஏறும். மருத்துவமனையில் அடிக்கடி அளந்து, இன்சுலின் அளவைக் கூட்டுவார்கள். வலி நின்று வீடு திரும்பினாலும் அளப்பதை உடனே நிறுத்திவிடாதீர்கள்.