ரத்தம் வந்தும் வலிக்கவில்லையா?

கேள்வி: வயது 54. பத்து வருடமாகச் சர்க்கரை நோய். இரண்டு குதிகாலிலும் பித்தவெடிப்பு. சர்க்கரை, எலுமிச்சை, தேங்காய் எண்ணெய் கலந்து தேய்த்தால் போய்விடும் என்று மருமகள் யூடியூபில் பார்த்துச் சொல்கிறாள். செய்யலாமா? உடல் சூடா, வைட்டமின் குறைவா, தைராய்டா என்றும் குழப்பம். போன வாரம் தரையில் ரத்தத் தடம். அது என் கால்தான் என்று பிறகுதான் தெரிந்தது. அப்பாவுக்கு இப்படி ஆரம்பித்துத்தான் விரலை எடுத்தார்கள்.

பதில்: எலுமிச்சை இருக்கட்டும் அம்மா, அந்த ரத்தத் தடத்துக்கு வருவோம். ரத்தம் கசிகிற அளவுக்குப் பிளந்த குதிகாலை ஊன்றினால் சுரீரென்று இழுக்கும். உங்களுக்குத் தரையைப் பார்த்துத்தான் தெரிந்திருக்கிறது. சர்க்கரையால் பாதத்து நரம்பு மரத்துப்போக ஆரம்பித்திருக்கலாம்.

வெடிப்பு வந்ததாலேயே யாருக்கும் விரல் போவதில்லை. உணர்வு மங்கிய காலில் வெடிப்பு வழியாகக் கிருமி நுழைகிறது, வலிக்காததால் யாரும் குனிந்து பார்ப்பதில்லை, நாள் ஓடுகிறது. அப்படித்தான் போகிறது. நீங்கள் பார்த்துவிட்டீர்கள். அதனால் இந்த வாரமே மருத்துவரிடம் போய்ச் செருப்பைக் கழற்றிக் காலைக் காட்டுங்கள். கண்ணை மூடச் சொல்லி, 10 கிராம் அழுத்தம் தரும் நைலான் இழையால் பாதத்தைத் தொட்டுப் பார்ப்பார்கள். ஐந்து நிமிட வேலை, ஊசி கிடையாது. பாதத்தில் நாடி பார்க்கவும், மூன்று மாதச் சர்க்கரை அளவு எடுக்கவும் சொல்லுங்கள். வெடிப்பைச் சுற்றிச் சிவப்பு, வீக்கம், சீழ், வாடை, காய்ச்சல் இதில் ஒன்று இருந்தாலும் வாரம் வரை காத்திருக்காமல் அன்றைக்கே போங்கள்.

அதுவரை சோப்புத் தண்ணீரில் கழுவி, ஒற்றித் துடைத்து, சுத்தமான துணிக்கட்டு. வீட்டுக்குள்ளும் செருப்பு. வெந்நீரில் காலை ஊறவைக்காதீர்கள். சூடு தெரியாமல் வெந்துபோன கால்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பிளேடால் சீவுவது, கால் ஆணி பிளாஸ்திரி ஒட்டுவது இரண்டும் கூடவே கூடாது.

பெயர்தான் பித்தவெடிப்பு. பித்தத்துக்கும் உடல் சூட்டுக்கும் இதில் பங்கில்லை. உள்ளங்காலில் எண்ணெய்ச் சுரப்பியே கிடையாது. காய்ந்து தடித்த தோல் உடம்பின் எடை தாங்காமல் பிளக்கிறது. தைராய்டு சந்தேகத்தைச் சர்க்கரை அளவுக்கு ரத்தம் எடுக்கும்போதே பார்த்துக்கொள்ளலாம். வைட்டமின் மாத்திரையை நீங்களாக வாங்காதீர்கள்.

புண் ஆறியபின் உங்களுக்கு யூரியா கலந்த க்ரீம் போதும். (வயலுக்குப் போடும் மூட்டை இல்லை, மருந்துக்கடையில் கிடைப்பது.) விரலிடுக்கில் மட்டும் தடவாதீர்கள்.

அந்த ஸ்க்ரப் மருமகளுக்கு ஆகும், அவருக்குச் சர்க்கரையும் திறந்த வெடிப்பும் இல்லையென்றால். எலுமிச்சை வேண்டாம், வெடிப்பில் பட்டால் எரியும். மிக்ஸியில் பொடித்த சர்க்கரை இரண்டு ஸ்பூன், தேங்காய் எண்ணெய் ஒரு ஸ்பூன். வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிடம் காலை வைத்து, ஒரு நிமிடம் மட்டும் விரலால் மெதுவாகத் தேய்க்கட்டும். கழுவி, ஈரம் முழுதாகக் காயும் முன்பே வாஸ்லின் தடவிப் பருத்தி சாக்ஸ். வாரம் இரண்டு முறைக்கு மேல் வேண்டாம். தோலை உரிப்பதைவிட இந்த வாஸ்லின்தான் வேலை செய்யும். அதைத் தினமும் தடவலாம். பாத்ரூம் தரையில் சிந்திய எண்ணெயை உடனே கழுவிவிடச் சொல்லுங்கள். அதில் அடுத்து காலை வைக்கப்போவது நீங்களாக இருக்கலாம்.