மருத்துவர் எழுதிய சீட்டு நீதிமன்றத் தீர்ப்பு ஆகாது

கேள்வி: அப்பா காலமாகி ஒன்றரை ஆண்டாகிறது. வீடு 67 வயதான அம்மாவின் பெயரில் உள்ளது. விற்க மறுத்த அம்மாவை அண்ணன் ஒரு மருத்துவரிடம் காட்டி, ‘மனநோய்’ என்று எழுதி வாங்கியிருக்கிறார். அம்மாவைச் சித்தசுவாதீனம் இல்லாதவர் என்று அறிவிக்கச் செய்து, வீட்டை அவரால் விற்க முடியுமா?

பதில்: அந்தச் சீட்டை மட்டும் வைத்துக்கொண்டு முடியாது. ஒருவருக்கு மனநோய் இருப்பதாக மருத்துவர் தீர்மானித்தாலும், தகுதியுள்ள நீதிமன்றம் அறிவிக்கும்வரை அவரைச் சித்தசுவாதீனம் அற்றவராகக் கொள்ளக் கூடாது என்று 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், 3ஆம் பிரிவில் தெளிவாகவே சொல்கிறது. பழைய 1987ஆம் ஆண்டுச் சட்டத்தில், மாவட்ட நீதிமன்றம் விசாரித்து மனநோயாளியின் சொத்துக்கு மேலாளரை நியமிக்க வழி இருந்தது. புதிய சட்டத்தில் அந்த அத்தியாயமே இல்லை. எப்படியானாலும் அண்ணன் நீதிமன்றப் படியேறித்தான் ஆக வேண்டும். அங்கே அம்மாவின் தரப்பைக் கேட்காமல் எதுவும் முடிவாகக் கூடாது.

நான் அதிகம் அஞ்சுவது வழக்கை அல்ல, மருத்துவமனைச் சேர்க்கையைத்தான். அம்மாவின் சம்மதமின்றிச் சேர்க்க வேண்டுமென்றால், ஒரு மனநல மருத்துவரும் இன்னொரு மருத்துவரோ மனநல வல்லுநரோ தனித்தனியே பரிசோதித்து, அவர் தமக்கோ பிறருக்கோ தீங்கு செய்யக்கூடியவர் என்றோ தம்மைப் பேணிக்கொள்ள இயலாதவர் என்றோ முடிவுக்கு வந்திருக்க வேண்டும். அப்போதும் முதற்கட்டமாக 30 நாட்கள்தான். பெண்ணைச் சேர்த்தால் 3 நாட்களுக்குள் மனநல மறுஆய்வு வாரியத்துக்குத் தெரிவித்தாக வேண்டும். சேர்க்கையை எதிர்த்து அம்மாவே வாரியத்திடம் முறையிடலாம். தம் சார்பில் சிகிச்சை முடிவுகளுக்குத் துணைநிற்பவராக உங்களை நியமித்து, வெள்ளைத்தாளில் அவர் இன்றே எழுதிக் கையொப்பமிட்டு வைத்தால், அந்த வேளையில் அண்ணனுக்கு முன் உங்களைத்தான் கலந்தாலோசிக்க வேண்டியிருக்கும்.

அடுத்து, அம்மாவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் சென்று காட்டுங்கள். ‘கீழ்ப்பாக்கம்’ என்று ஊர் பேசுமே என்ற கூச்சம் இதில் வேண்டாம். உண்மையிலேயே தடுமாற்றம் தெரிந்தால் மறைக்காதீர்கள். இந்த வயதில் சிறுநீர்த் தொற்றோ சோடியம் குறைவோ கூட ஒருவரைச் சில நாட்கள் குழப்பிவிடும், அது சரியாகக் கூடியது. கணவரை இழந்த துயரமும் வெளிப்பார்வைக்கு நோய்போலத் தோன்றுவதுண்டு.

ஒரு தவறை மட்டும் செய்துவிடாதீர்கள். அண்ணனுக்குப் பயந்து, வீட்டை உங்கள் பெயருக்கு இப்போதே செட்டில்மெண்ட் எழுதி வாங்க வேண்டாம். அம்மா நிதானமாக இல்லாத நேரத்தில் நீங்கள் எழுதி வாங்கியதாக வாதாட, அதுவே அண்ணனுக்குக் கிடைக்கும் முதல் ஆதாரமாகிவிடும்.

மிரட்டலோ பராமரிப்பு மறுப்போ இருந்தால், மூத்த குடிமக்களுக்கான 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் வருவாய்க் கோட்டாட்சியரிடம் மனு கொடுக்கலாம். முதியோர் உதவி எண் 14567. பெண் என்பதால், வருமான வரம்பு பார்க்காமலே வட்ட சட்டப்பணிகள் குழு அம்மாவுக்கு இலவசமாக வழக்கறிஞரை அமர்த்தித் தரும். மனுதாரர் இடத்தில் உங்கள் பெயரல்ல, அம்மாவின் பெயரே இருக்கட்டும்.