உட்கார்ந்த இடத்திலேயே ஒரு நடை

கேள்வி: அப்பா முப்பது வருஷம் காசிமேட்டில் மீன் ஏலம் விட்டவர். இடுப்பு எலும்பு முறிந்த பிறகு நாற்காலியே கதி. தம்பி வாங்கி வந்த விஆர் கண்ணாடியில் (மாட்டிக்கொண்டால் அந்த இடத்திலேயே இருப்பதுபோல் காட்டுவது) துறைமுகத்தை 360 டிகிரி வீடியோவாகக் காட்டினோம். "எங்கடா நடக்கிறேன், மிதக்கிறேன்" என்கிறார். அஞ்சு நிமிஷத்தில் குமட்டல் வேறு. உட்கார்ந்தபடியே நடக்கிற உணர்வைத் தர முடியுமா?
– ஒரு வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: முடியும், சகோதரி. அப்பா சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். பேசின் பிரிட்ஜில் சிக்னலுக்கு நிற்கும்போது பக்கத்து ரயில் கிளம்பினால், நம் ரயில்தான் போகிறது என்று தோன்றுமே, அதேதான் இது. கண் 'போகிறோம்' என்கிறது, உடம்பின் அசைவை உணரும் உள்காது 'அசையவே இல்லை' என்கிறது. குமட்டல் அந்தச் சண்டையில் வருவது. நடக்கிற உணர்வு வர வேண்டுமானால் பாதத்துக்கும் வேலை கொடுக்க வேண்டும்.

ஜப்பானின் டொயோஹாஷி தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019இல் வெளியிட்ட ஆய்வில், உட்கார்ந்திருந்தவர்களின் குதிகாலுக்கும் முன்பாதத்துக்கும் அதிர்வு கொடுத்தார்கள். காட்சியில் விழும் காலடியோடு அதிர்வு பொருந்தியபோது நடக்கும் உணர்வு கூடியது.

படுக்கையும் நாற்காலியுமாகிவிட்ட என் அம்மாவுக்கு இதைச் செய்து பார்த்தேன். பழைய செல்போன்களின் நாலு அதிர்வு மோட்டார்களை ஹவாய் செருப்பில் பதித்து, ஆர்டுயினோ என்ற சின்னக் கட்டுப்பாட்டு போர்டில் இணைத்தேன். முதல் நாள் நாலும் ஒன்றாக அதிர்ந்தன. "பஸ் இன்ஜின் மேல கால் வச்ச மாதிரி இருக்குடா" என்றார். அப்புறம் இடது குதிகால், இடது முன்பாதம், வலது குதிகால், வலது முன்பாதம் என்று வரிசை மாற்றினேன். எம்.சி. ரோடு காட்சி ஓடிக்கொண்டிருந்தது. செருப்பின் வாரை அவருடைய கால்விரல்கள் மெல்ல இறுக்கிப் பிடித்தன. "ஓரமா போ, பின்னாடி ஆட்டோ வருது" என்றார்.

உங்கள் தம்பி மறுபடியும் வீடியோ எடுக்கட்டும். அப்பா நின்றால் கண் எந்த உயரத்தில் இருக்குமோ அங்கே கேமரா இருக்கட்டும், அவர் நடக்கிற வேகத்திலேயே நடக்கட்டும். நடையின் லேசான ஆட்டத்தை சாஃப்ட்வேரில் முழுசாக அழித்துவிட்டால் மிதக்கிற மாதிரிதான் இருக்கும். சட்டென்று திரும்புவதும் வேகம் கூட்டுவதும் வேண்டாம், உள்காது உணர்வது அந்த மாற்றங்களைத்தான், அங்கேதான் கண்ணோடு சண்டை பெரிதாகும். சீரான வேகம் அவ்வளவு குமட்டாது. ஈரத் தரையில் செருப்பு சளக் சளக்கென்று கேட்குமே, அந்தச் சத்தமும் பதிவாகட்டும்.

இரண்டு நிமிஷத்தில் தொடங்குங்கள். சர்க்கரை இருந்தால் பாதம் மரத்திருக்கலாம், அதிர்வு தெரிகிறதா என்று முதலில் கேளுங்கள். டாக்டரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

ஏலம் நடக்கும் இடம் வந்ததும் தம்பி மெதுவாக நின்றுவிட வேண்டும், செருப்பின் அதிர்வும் நிற்க வேண்டும். அப்பா அங்கே கொஞ்ச நேரம் நிற்க ஆசைப்படுவார்.